போட்டி முடிவுகளுக்கு ஓர் ஆண்டு மலர் வேண்டும்: அமெரிக்கன் ரேடியோ ரிலே லீகின் இயக்குநர் குழுவுக்குத் திறந்த மடல்

கனெக்டிகட் மாநிலம் நியூயிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட, அமெரிக்க அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கமான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீகின் மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு வணக்கம்.

லீக் நடத்தும் வானொலிப் போட்டிகளின் முழு முடிவுகளையும் அவற்றை அலசும் கட்டுரைகளையும் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே நூலாக அச்சிட வேண்டும் என்றும், உங்கள் போட்டி இதழான நேஷனல் கான்டெஸ்ட் ஜர்னல் அச்சு இதழாக வாழ வழிசெய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வருமானத்துக்காக அன்றி ஆர்வத்துக்காக இயங்கும் ஓர் அமெச்சூர் வானொலி நிலையத்தின் உரிமதாரன் நான். உங்கள் பதினைந்து மண்டலங்களில் எதிலும் அடங்காத வெளிநாட்டவன் ஆகையால், உங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு எனக்கு இல்லை. ஆனால் பிப்ரவரியில் மோர்ஸிலும் மார்ச்சில் குரலிலும் நீங்கள் நடத்தும் டிஎக்ஸ் (தொலைதூரத் தொடர்பு) போட்டி, அமெரிக்காவும் கனடாவும் ஒரு பக்கம், எஞ்சிய உலகம் மறுபக்கம் என்று வகுக்கப்பட்டது. மறுபக்கத்தில் ஆள் இல்லாமல் அது நடவாது. அந்த மறுபக்கத்து ஆள் என்ற உரிமையில்தான் பேசுகிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதைப் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டிய சக ஹாம்கள், அதாவது அமெச்சூர் வானொலியாளர்கள், இங்கே இருக்கிறார்கள் என்பதே. உங்களுக்கு ஆங்கிலப் படி தனியே வருகிறது.

வானொலிப் போட்டி என்றால் என்ன என்று அறியாத வாசகருக்காக இரண்டு வரி. ஒரு வார இறுதியில், குறித்த மணி நேரத்துக்குள், எத்தனை நிலையங்களோடு, எத்தனை நாடுகளோடு அல்லது மாநிலங்களோடு தொடர்பு கொண்டு, சொன்னதைப் பிழையின்றிக் கேட்டுப் பதிவுசெய்கிறோம் என்பதே போட்டி. பதிவேட்டை, அதாவது லாக்கை, நடத்துநருக்கு அனுப்பினால் அவர்கள் எதிர்நிலையத்தின் லாக்கோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருவார்கள். ஆட்டத்தைப் பார்ப்போர் எவரும் இல்லை. ஆடியவர்கூடத் தம் எதிராளியைப் பார்த்ததில்லை. எனவே ஆட்டம் நடந்தது என்பதற்கே அதன் முடிவு வெளியாகும் இடம்தான் சாட்சி. நெடுங்காலமாக அந்த இடம் அச்சிதழாகவே இருந்தது.

இந்த உறவின் வேர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஹைரம் பெர்சி மாக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் 1914இல் லீகைத் தொடங்கினார்கள். 1915 டிசம்பரில் லீகின் இதழான கியூ.எஸ்.டி.யின் முதல் வெளியீடு வந்தது. குறைந்த திறன் கொண்ட அமெச்சூர் நிலையங்களின் அலை அட்லாண்டிக்கைத் தாண்டுமா என்று சோதிக்க 1921 டிசம்பரில் லீக் பால் காட்லியை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பியது. கடற்கரையோரக் கூடாரத்தில் அமர்ந்து அவர் கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்த நிலையத்தின் குறிப்பலையைக் கேட்டார். அந்தச் சோதனைக்கு ஆள் திரட்டியதும், நேரமும் விதியும் அறிவித்ததும், யார் யாருடைய அழைப்புக்குறி, அதாவது நிலையத்தின் அடையாள எழுத்துகள், கேட்டது என்று பிறகு பட்டியலிட்டதும் கியூ.எஸ்.டி.யின் பக்கங்கள்தாம். 1923 நவம்பரில் இருவழித் தொடர்பும் கைகூடியது. முன்னறிவிப்பு, பொது விதி, குறித்த நேரம், சரிபார்ப்பு, வெளியீடு என்ற ஐந்தும் அந்தச் சோதனைகளில் ஏற்கெனவே இருந்தன. பின்னால் வந்த போட்டிகள் அவற்றோடு மதிப்பெண்ணைச் சேர்த்துக்கொண்டன, அவ்வளவே.

1930இல் தொடங்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் போட்டியில் இந்தப் பரம்பரை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒவ்வொரு தொடர்பிலும் வரிசை எண், வகை எழுத்து, அழைப்புக்குறி, இரண்டு இலக்க எண், லீக் வகுத்த நிலப் பிரிவின் பெயர் ஆகிய ஐந்தையும் சொல்ல வேண்டும். அஞ்சல் தந்தி போல் ஹாம்கள் கைமாற்றி அனுப்பிய செய்திகளின் தலைப்பு வரிதான் இந்த வடிவத்தில் உறைந்து நிற்கிறது. செய்தியில் சொற்களின் எண்ணிக்கை நின்ற இடத்தில் இன்று நிற்பது, நிலையத்தார் முதன்முதலில் உரிமம் பெற்ற ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். ‘56’ என்று ஒருவர் சொன்னால், 1956இல் உரிமம் பெற்றவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். வட அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் என் போன்றோர் மதிப்பெண்ணுக்காக இப்போட்டியில் நுழைய முடியாது. இருந்தும் அதன் முறையை நான் அறிவேன் என்றால், அது உங்கள் இதழைப் படித்ததால்.

சி.கியூ. இதழின் கதை வேறு. 1945இல் தொடங்கிய அந்தத் தனியார் மாத இதழ், மூன்றே ஆண்டுகளில், 1948இல், வேர்ல்டு வைட் டிஎக்ஸ் போட்டியை நடத்தத் துணிந்தது. உலகத்தை நாற்பது வலயங்களாகப் பிரித்து, யாரும் யாரோடும் பேசலாம் என்று திறந்துவிட்ட போட்டி அது. அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரலிலும், நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸிலும், நாற்பத்தெட்டு மணி நேரம் நடக்கிறது. இந்திய நேரப்படி சனிக்கிழமை காலை ஐந்தரைக்குத் தொடங்கி திங்கள் விடியற்காலை வரை. இன்று குரலுக்கும் மோர்ஸுக்கும் தனித்தனியே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட லாக்குகள் வருகின்றன. எந்த நாட்டுச் சங்கத்துக்கும் உரியதல்லாத ஓர் இதழ் அதை நடத்தியது அதன் பெரிய பலம் என்று நினைக்கிறேன். பனிப்போர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் அமெரிக்க நிலையங்களின் மதிப்பெண்ணும் சோவியத் நிலையங்களின் மதிப்பெண்ணும் ஒரே இதழில், ஒரே எழுத்தளவில் வெளிவந்தன. அரசுகள் உட்காராத மேசை அது.

அந்த இதழ் 2023இன் இறுதியில் நின்றுபோனது. அதற்கு முன்பே ஹாம் ரேடியோ என்ற இதழ் 1990இலும், ‘73’ என்ற இதழ் 2003இலும் நின்றிருந்தன. போட்டி நிற்கவில்லை என்பது உண்மைதான். தன்னார்வக் குழுக்களும், 2009இல் உருவான வேர்ல்டு வைட் ரேடியோ ஆபரேட்டர்ஸ் ஃபவுண்டேஷனும் லாக் சரிபார்ப்புக்கும் கணினிச் செலவுக்கும் தோள் கொடுத்தன. ஆனால் போட்டி நடப்பதும் போட்டி வாழ்வதும் ஒன்றல்ல. நடப்பதற்குக் கணினி வழங்கியும் மென்பொருளும் போதும். வாழ்வதற்கு, அதைப் பற்றி நிதானமாக எழுதுகிறவரும், எழுதியதைத் திருத்துகிற ஆசிரியரும், ஆடாதவரும் படித்துப் பார்க்கும்படியான ஒரு பக்கமும் வேண்டும். இந்த மூன்றுக்கும் அமெரிக்காவில் மிஞ்சியிருக்கும் பெரிய நிறுவனம் உங்களுடையது.

இங்கே நேஷனல் கான்டெஸ்ட் ஜர்னலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1973இல் சில ஆர்வலர்களின் முயற்சியாகத் தொடங்கிப் பிறகு உங்கள் குடையின் கீழ் வந்த இந்த இரு மாத இதழைப் போட்டிச் செய்தி ஏடு என்று எண்ணுவது தவறு. அது விதிகளை வடிக்கும் பட்டறையாக இருந்திருக்கிறது. அதன் பெயரில் நடக்கும் ஸ்பிரிண்ட் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் மட்டும். பொது அழைப்பு விடுத்து ஒரு நிலையத்தைப் பிடித்தவர், அந்தத் தொடர்பு முடிந்ததும் அந்த அதிர்வெண்ணை விட்டு நகர்ந்தே ஆக வேண்டும். பதிலளித்தவருக்கு அந்த இடம் உரிமையாகும். அடுத்த தொடர்பு முடிந்ததும் அவரும் நகர வேண்டும். பெரிய கோபுரமும் உயர்திறன் பெருக்கியும் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, வருகிறவரையெல்லாம் எண்ணிக்கொள்ளும் வசதியை இந்த ஒரு விதி தகர்த்துவிடுகிறது. காதும் விரலும் முடிவெடுக்கும் வேகமும்தான் அங்கே சொத்து.

அதே இதழ் நடத்தும் நார்த் அமெரிக்கன் கியூ.எஸ்.ஓ. பார்ட்டி (கியூ.எஸ்.ஓ. என்றால் ஒரு தொடர்பு) இன்னொரு பாதையில் போனது. திறனுக்கு 100 வாட் உச்சவரம்பு. பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் தனி ஆள் பத்து மணி நேரம்தான் இயங்கலாம். பரிமாறிக்கொள்வது வரிசை எண் அன்று, பெயரும் மாநிலமும். கடையில் வாங்கும் சாதாரணக் கருவியோடு, மாடியில் கட்டிய கம்பி ஆன்டெனாவோடு வருகிற புதியவருக்கு ஜனவரியிலும் ஆகஸ்டிலும் திறக்கிற வாசல் அது. ஐந்து நிலையங்கள் வரை சேர்ந்து அணியாகப் பெயர் பதியலாம் என்பதால், பழகியவர் புதியவரைத் தம் அணியில் சேர்த்துக்கொள்ளவும் ஏற்பாடு இருக்கிறது. இத்தகைய விதிகள் வாக்கெடுப்பில் பிறப்பதில்லை. ஒருவர் எழுத, இன்னொருவர் அடுத்த இதழில் மறுக்க, ஆசிரியர் இரண்டு மாத இடைவெளியில் இருவரையும் ஆறப்போட, ஆடிப் பார்த்து, மீண்டும் எழுதி உருவாகிறவை. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதே அச்சிதழின் குறை என்கிறார்கள்; விதி வகுக்கும் வேலைக்கு அந்தக் காத்திருப்பு குறையே அன்று.

அடுத்து, பொடி எழுத்துப் பட்டியல்கள். ஒரு காலத்தில் கியூ.எஸ்.டி.யிலும் சி.கியூ.விலும் போட்டியில் கலந்துகொண்ட ஒவ்வொரு நிலையத்தின் மதிப்பெண்ணும் ஒரு வரியாக அச்சானது. கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். பிற்பாடு பக்கச் செலவு கருதி அவை இணையத்துக்கு நகர்ந்தன. இதழில் சுருக்கக் கட்டுரையும் முதலிடங்களும் மட்டும் தங்கின. அந்த முடிவின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியல் எங்களுக்குச் செய்த வேலை வேறு. சி.கியூ. போட்டியில் இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் இருபத்திரண்டாம் வலயத்தைச் சேர்ந்தவை. இங்கிருந்து ஜப்பானோடு ஒரு தொடர்பு கொண்டால் ஒரே கண்டம் என்பதால் ஒரு புள்ளி. ஐரோப்பாவோடு கொண்டால் மூன்று புள்ளி. கரீபியத் தீவொன்றிலிருந்து அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அலையலையாக வாரிக்கொள்ளும் நிலையத்தோடு எங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. எங்களுக்கு வேண்டியது அண்டை நாட்டார் என்ன செய்தார், அதே வலயத்தில் அதே வகையில் எவர் முந்தினார் என்பது. ஆசியா என்ற தலைப்பின் கீழ் நாடு நாடாக அடுக்கப்பட்ட அந்தப் பக்கத்தில் அது தேடாமலே கண்ணில் பட்டது. தேடுபொறியோ கேட்டதை மட்டும் தருகிறது. எனக்கு யாரென்றே தெரியாத பக்கத்து நிலையத்தை நான் எப்படிக் கேட்பேன்?

கட்டுரைகளின் மதிப்பு இதனினும் பெரிது. சூரியப்புள்ளிகள் ஏறத்தாழப் பதினொரு ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அதற்கேற்ப உயர் அலைப்பட்டைகள் திறப்பதும் மூடுவதும் நிகழ்கின்றன. பத்தொன்பதாம் சுழற்சியின் உச்சமான 1957–58இல் எடுத்த மதிப்பெண்ணையும், புள்ளிகளே அரிதாயிருந்த ஓர் ஆண்டின் மதிப்பெண்ணையும் வெறும் எண்களாகப் பக்கத்தில் வைத்தால் அவை பொய் சொல்லும். அந்த வார இறுதியில் பத்து மீட்டர் அலைப்பட்டை எப்போது திறந்தது, புவிகாந்தக் குழப்பத்தால் துருவப் பாதை எப்போது அடைபட்டது, எவர் எந்த நேரத்தில் அலைப்பட்டை மாறி ஆதாயம் அடைந்தார், எவர் தகுதி நீக்கப்பட்டார், ஏன் என்று பொறுப்போடு எழுதப்பட்ட முடிவுக் கட்டுரைதான் எண்ணுக்குப் பொருள் தருகிறது. தகுதி நீக்கத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன். அச்சில் வரப்போகிறது என்ற எண்ணம் நடத்துநரையும் தன் முடிவை இரண்டாம் முறை சரிபார்க்க வைத்தது.

இதழ்கள் கருவிகளையும் மாற்றின. உங்கள் ஆய்வகம் கியூ.எஸ்.டி.யில் வெளியிடும் கருவி மதிப்பாய்வுகளில், வலுவான இரு அலைகள் 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால் கருவியின் அலைவாங்கிப் பகுதி எப்படி நடந்துகொள்கிறது என்ற அளவீட்டோடு, 2 கிலோஹெர்ட்ஸ் நெருக்கத்தில் எப்படி என்ற அளவீடும் பிற்காலத்தில் சேர்ந்தது. நிலையங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் போட்டி அலைப்பட்டையில் இந்த இரண்டாவது எண்தான் உயிர். அது எல்லோர் கைக்கும் வந்தபின் உற்பத்தியாளர்கள் அதைப் புறக்கணிக்க இயலவில்லை. விளம்பரம் தந்த அதே நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து, மோசமான எண்ணையும் அதே இதழில் அச்சிட்டீர்கள் என்பதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும்.

மறுதரப்பின் வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. காகிதமும் அஞ்சலும் விலையேறிவிட்டன. 2024 ஜனவரி முதல் உறுப்பினர் கட்டணத்தை 49 டாலரிலிருந்து 59 டாலராக உயர்த்தியதோடு, அச்சுக் கியூ.எஸ்.டி. வேண்டுவோரிடம் தனியே 25 டாலர் வாங்கத் தொடங்கினீர்கள். இணையத்தில் முடிவுகள் விரைவாக வருகின்றன என்பதும் மெய். காகித லாக்கும், ஒரே நிலையத்தை இருமுறை எண்ணாமல் பார்க்கும் சரிபார்ப்புத் தாளும் அஞ்சலில் போய், தன்னார்வலர்களின் கண்ணில் தேய்ந்து, முடிவு இதழில் வர ஏறத்தாழ ஓராண்டு ஆன காலம் உண்டு. இன்று காப்ரில்லோ என்ற பொது வடிவத்தில் லாக் கோப்பைச் சில நாட்களுக்குள் அனுப்புகிறோம்; சி.கியூ. போட்டியில் ஐந்தே நாள் கெடு. போட்டி முடிந்த இரவில் 3830 கிலோஹெர்ட்ஸில் கூடி மதிப்பெண்ணைச் சொல்லிக்கொண்ட பழக்கம், அதே எண்ணைப் பெயராகக் கொண்ட இணையத்தளமாகிவிட்டது. பலருடைய லாக்கே பொதுவில் கிடைக்கிறது. இவை எதையும் திருப்பிப் போடச் சொல்லவில்லை. மாத இதழில் பொடி எழுத்துப் பட்டியலை மீட்கச் சொல்லவும் இல்லை.

ஆனால் இணையத்தில் இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் வாதிட வேண்டாம். 2024 மே மாதத்தில் உங்கள் கணினி வலையமைப்பு தாக்கப்பட்டபோது, தொடர்பு உறுதிப்பாட்டுக்கு உலகமே நம்பியிருந்த லாக்புக் ஆஃப் தி வேர்ல்டு ஜூலைத் தொடக்கம் வரை முடங்கிக் கிடந்தது. தரவுகள் அழியவில்லை, உங்கள் ஊழியர்கள் உழைத்து மீட்டார்கள். எனினும் ஒரு நூற்றாண்டு விளையாட்டின் பதிவு முழுவதும் ஒரே வகைக் கூடையில் இருப்பது பற்றி இயக்குநர் குழு கவலைப்பட அந்த ஆறேழு வாரங்கள் போதுமான காரணம்.

தமிழ் இதழுலகில் ஆண்டு மலர் என்று ஒன்று உண்டு. வாரந்தோறும் வரும் இதழ் கிழிந்தும் தொலைந்தும் போகும். மலரைத் தனியே காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பார்கள். நான் கேட்பது அப்படி ஒன்றை. டிஎக்ஸ் போட்டி, ஸ்வீப்ஸ்டேக்ஸ், பத்து மீட்டர், நூற்று அறுபது மீட்டர் போட்டிகளின் எல்லா நிலையங்களுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு முழுக் கட்டுரை, அந்த ஆண்டின் விதி மாற்றங்கள், தகுதி நீக்கங்கள். வெட்டவெளியில் நிலையம் அமைத்து இயக்கும் ஃபீல்டு டேயையும் சேர்த்துக்கொள்ளலாம். அது போட்டியன்று என்று சொல்லிக்கொண்டே ஆண்டுதோறும் மதிப்பெண் வெளியிடுகிறவர்கள் நீங்கள்தாம். முன்பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கு மட்டும் அச்சடித்தால் கையிருப்புச் சுமை இல்லை. சி.கியூ. போட்டிகளின் குழுவினரையும் அம்மலரில் பக்கம் எடுத்துக்கொள்ள அழையுங்கள். அவர்களுடைய எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றுக்கு இன்று அச்சில் வீடு இல்லை. லீகுக்குச் சொந்தமில்லாத போட்டிக்கு லீக் ஏன் பக்கம் தர வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். உலக வானொலி அணிப் போட்டிக்கு 1990இல் சியாட்டிலில் கால்கோள் இட்ட நாடு உங்களுடையது. இந்த விளையாட்டு எவர் சொத்து என்ற கேள்வியை அப்போதே கடந்துவிட்டீர்கள்.

நேஷனல் கான்டெஸ்ட் ஜர்னலுக்கும் அதே முறை பொருந்தும். உறுப்பினர் அனைவரும் திரையில் படிக்கட்டும்; தாளில் வேண்டுவோர் முழு விலை தரட்டும். அதன் பக்கங்களில் வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து எழுதுவோருக்கு இடம் கூட்டுங்கள். பதினோராவது அட்சரேகையில் அமர்ந்து வட துருவத்துக்கு மேலே அமெரிக்காவைத் தேடுகிறவரின் உத்தி, மாசசூசெட்ஸில் இருப்பவரின் உத்தி அன்று. அந்த அனுபவம் எங்கும் தொகுக்கப்படவில்லை. அதோடு, பிற நாட்டுச் சங்கங்கள் தம் மொழியில் பெயர்த்தும் தம் செலவில் அச்சிட்டும் விநியோகிக்க, கட்டணமில்லாத உரிமம் ஒன்றை வகுத்துத் தாருங்கள். சென்னையிலோ கொழும்பிலோ ஐம்பது படி அச்சிடுவது, கனெக்டிகட்டிலிருந்து ஐம்பது படி விமானத்தில் அனுப்புவதைவிட மலிவு. கியூ.எஸ்.டி.யின் பழைய போட்டி முடிவுப் பக்கங்களை, குறைந்தது இருபத்தைந்து ஆண்டுக்கு முற்பட்டவற்றை, உறுப்பினர் அல்லாதோரும் படிக்கத் திறந்துவிடுவதையும் இதோடு சேர்த்து ஆராயுங்கள்.

உங்கள் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூடுகிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஆண்டு மலரின் செலவு மதிப்பீட்டை ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டுகிறேன். எத்தனை முன்பதிவு வந்தால் அச்சுக்குப் போகலாம் என்ற எண்ணையும், வெளிநாட்டு வாசகருக்கான விலையையும் பொதுவில் அறிவித்தால், இருபத்திரண்டாம் வலயத்தில் ஆள் திரட்டும் பொறுப்பை நானும் என் நண்பர்களும் ஏற்கிறோம்.

இங்ஙனம்,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் அமெச்சூர் வானொலி நிலையத்தார்